ஐம்பத்தொன்பது புள்ளி நாலு ஐந்து

ரவுண்டு அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று எங்கள் டைல்ஸ் தொழிற்சாலையில் கேட்டால், ஆளாளுக்கு நான்தான் என்று மார் தட்டுவார்கள். வைத்தது நான். அவர் உடம்புக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. மின்விசிறியை வேகமாக வைத்தால் பறந்துவிடுகிற உடம்பு. எக்ஸெல் தாளில் புள்ளியோடு வருகிற எண்களை 'ரவுண்டு' பண்ணி, அதாவது முழு எண்களாக்கி, மேலிடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. உடைந்த டைல்ஸ் எத்தனை சதவீதம், உலையில் சூடு எவ்வளவு, லீவு போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று எல்லாம் அவர் மேசைக்குப் புள்ளியோடு வரும், புள்ளியில்லாமல் போகும். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். ஆபீஸில் அப்படி ஆகிவிட்டது.

"புள்ளி இருந்தா மேல கேள்வி கேப்பாங்க. முழுசா இருந்தா பாத்துட்டு மூடி வெச்சிடுவாங்க" என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். விதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். புள்ளிக்குப் பின்னால் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த எண்ணுக்குத் தூக்கு, குறைந்தால் வெட்டு. பதினோரு வருடமாக அக்கா தூக்கினார், வெட்டினார். ஒரு எண்ணில்கூட ஓரவஞ்சனை செய்ததில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஜென்மமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

நான் அதே தொழிற்சாலையின் வைத்திய அறையில் கம்பவுண்டர். வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும் தலைவலிக்கு மாத்திரை கொடுப்பதும் போக, வருடத்துக்கு ஒரு முறை அரவைப் பிரிவு ஆட்களை ஊதச் சொல்வேன். அங்கே கல்லையும் மண்ணையும் மாவாக அரைக்கிறார்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஒரு குழாயில் மூன்று முறை ஊத வேண்டும். நெஞ்சு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று இயந்திரம் சராசரி பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் அடித்துக் கொடுக்கும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் இருக்கும். அறுபதுக்குக் கீழே போனவனை மறுநாளே அரவையிலிருந்து எடுத்து, தூசி இல்லாத பேக்கிங்குக்கு மாற்ற வேண்டும். அறுபது இருந்தால் இன்னும் ஒரு வருடம் அரவைதான்.

என் பதிவேட்டில் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அச்சடித்தவன் அவ்வளவுதான் விட்டிருந்தான். அதனால் நான் இரண்டு எண்ணை ஒன்றாக்கி எழுதுவேன். சீட்டைப் பின்னால் பின் அடித்து வைப்பேன். பதிவேடு அக்காவிடம் போகும். அக்கா அந்த ஒன்றையும் எடுத்துவிட்டு முழு எண்ணாக ஏற்றுவார். அறுபதா இல்லையா என்று மேலே பார்ப்பது அந்த முழு எண்ணைத்தான். இரண்டு பேர் மேசைக்கும் நடுவில் பதினெட்டு அடி நடை. இத்தனை வருடத்தில் இதில் ஒரு தப்பு இருக்கும் என்று எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் உறைக்கவில்லை.

அக்காவுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு தம்பி மட்டும். ஒன்பது வயதிலிருந்து அவர்தான் வளர்த்தார். அவனுக்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தப் பேச்சே இல்லாமல் போனது. அவனை அரவைப் பிரிவில் சேர்த்துவிட்டதும் அவரேதான். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். பையன் தங்கம். சத்தமாகச் சிரிப்பான், அக்காவைக் கண்டால் கண்ணில் ஒரு குறும்பு வரும். "எங்கக்கா சோத்தைக்கூட ரவுண்டு பண்ணித்தான் போடும்ணே. அரை கரண்டி கேட்டா முழுக் கரண்டி" என்பான். கடைசி இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

போன வருடம் ஊதுகிற நாளன்று காலையில் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ராத்திரி முழுக்க உக்காந்தே தூங்குறான்ணே. எப்படியாவது பேக்கிங்குக்குப் போயிட்டான்னா போதும்."

"நம்பர் கம்மியா வரணும்னு வேண்டிக்கிற ஒரே ஆள் நீங்கதான் அக்கா" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தம்பி ஊதினான். சீட்டில் 59.45 என்று வந்தது. கடைசி எண் ஐந்து, தூக்க வேண்டும். பதிவேட்டில் 59.5 என்று எழுதினேன். அன்றைக்கு எழுபது பேர் ஊதினார்கள். எழுபதில் ஒன்றாக அதையும் எழுதினேன், அவ்வளவுதான்.

மறுநாள் நான் பஞ்சு வாங்க ஆபீஸ் பக்கம் போனபோது அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் வரியில் நின்றிருந்தது கர்சர். சரியாக அரை. அரை என்றால் தூக்க வேண்டும், அறுபது. ஒரு விசையைத் தட்டி ஐம்பத்தொன்பது என்று போட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முந்தைய வருடம், உலையிலிருந்து அரவைக்கு மாறியிருந்த உலைக்காரரின் மனைவி இதே மேசைக்கு வந்து அழுதிருந்தாள். அவள் கணவனுக்கும் சரியாக அரையில் நின்றது. "ஒரு நம்பர்தானே அக்கா, குறைச்சுப் போடுங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அக்கா தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, அறுபது என்றே போட்டார்.

"அவளுக்கு இல்லைன்னு சொல்லிட்டு இவனுக்கு மட்டும் எப்படிண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சீட்டைப் பார்க்கலாம் வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு அடி நடை. "உங்க இஷ்டம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அறுபது என்று போட்டார்.

எட்டு மாதம் கழித்துத் தம்பி மூச்சு முட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் பழைய சீட்டைக் கேட்டார்கள். பதிவேட்டை அக்காவின் மேசைக்கே எடுத்துப்போய்ப் பின்னைப் பிரித்தேன். அந்த மாதிரிச் சீட்டில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும். இது லேசாக வெளுத்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு காலித் தாளைத் திறந்து, 59.45 என்று அடித்து, நேராக முழு எண்ணாக்கச் சொன்னார். 59 என்று வந்தது. கீழே 59.5 என்று அடித்தார். 60 என்று வந்தது.

"நாலு அஞ்சுங்கறது அரையே இல்லையேண்ணே" என்றார். "அரைக்குக் கம்மிதானே. வெட்டணும்தானே."

நான் ஒரு முறை தூக்கினேன், அவர் ஒரு முறை தூக்கினார். இரண்டு பேரும் விதிப்படிதான் செய்தோம். ஒரே எண்ணை இரண்டு தடவை தூக்கக் கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போனது. ஓரவஞ்சனை செய்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஒழுங்காகக் கணக்குப் பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மேலாளரிடம் போனோம். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இன்னைக்கே பேக்கிங்குக்கு மாத்திடறேன். ஆனா போன வருஷ ரிப்போர்ட் போயாச்சு. அதைத் திருத்தணும்னா அத்தனை வருஷத்தையும் திருத்தணும். முடியுமா சொல்லுங்க?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பழைய பதிவேடுகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உலைக்காரருடைய சீட்டைத்தான் முதலில் தேடினேன். பின் இருந்தது, சீட்டு இருந்தது, எழுத்து இல்லை. அதற்கு முந்தையவையும் அப்படியே, வெறும் வெள்ளைத் துண்டுகள். எத்தனை பேரை இப்படித் தூக்கிவிட்டோமோ, இனி யாருக்கும் தெரியாது.

தம்பி பேக்கிங்கில் பத்தொன்பது நாள் வேலை பார்த்தான். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அதற்கே மூச்சு வாங்கியது. எண்ணில் நடந்த தப்பை அக்கா அவனிடம் சொல்லிவிட்டார். நான் இருந்தபோதுதான் சொன்னார், திக்காமல் முழுவதும் சொன்னார்.

அவன் டேப்பை வைத்துவிட்டு, "விடுக்கா. நீ எப்பவுமே எனக்குக் கொஞ்சம் கூடத்தானே போடுவே" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். அக்கா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 

மூன்றாவது மாதம் அவன் இறந்தான். கடைசி ஊதலில் முப்பத்தெட்டு. புள்ளிக்குப் பின்னால் இரண்டும் பூஜ்யம்.

அக்கா பத்து நாளில் வேலைக்குத் திரும்பினார். வீட்டில் என்ன செய்வது என்று கேட்டார்.  வருடக் கடைசியில் மேலிடத்துக்குப் போகிற அறிக்கை வந்தது. அதில் 'இறப்பு, சதவீதம்' என்று ஒரு வரி உண்டு. பல வருடமாக அதில் பூஜ்யம்தான். பெரும்பாலும் வேலையை விட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் சாவார்கள். தம்பி பெயர் கடைசி வரை பேக்கிங் பட்டியலில் இருந்ததால் கணக்கில் வந்துவிட்டான். கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

மொத்த ஆட்கள் என்ற கட்டத்தில் 240 இருந்தது. இறந்தவர் என்ற கட்டத்தில் அக்கா 1 என்று அடித்தார். பக்கத்துக் கட்டம் தானாகக் கணக்குப் போட்டு 0 என்று காட்டியது. அக்கா மேலே இருந்த பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். 0.42 என்று புள்ளி வெளியே வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"அப்படியே விட்டுடுங்க அக்கா" என்றேன். "கேள்வி கேக்கட்டும். நான் வந்து பதில் சொல்றேன்."

"எத்தனை பேருக்குத் தூக்கியிருக்கேன், வெட்டியிருக்கேன்ணே" என்றார். "உலைக்காரர் சம்சாரம் அழுதப்ப விதின்னு சொன்னேன். இப்ப இவனுக்கு மட்டும் எப்படி?"

 

அக்கா பொத்தானை இரண்டு தடவை திருப்பி அழுத்தினார். 0 என்று ஆனது. அச்செடுத்தார். தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நானும் போட்டேன்.