திருக்கை முள்ளும் மஞ்சள் தொண்டையும்

என் மேசையில் பேனாக்களுக்கு நடுவே ஒரு திருக்கை மீனின் வால்முள் நிற்கிறது. விரல் நீளம், இரு ஓரமும் ரம்பப் பல். சேலத்து அலுவலகத்தில் பார்ப்பவர்களெல்லாம் இது எதற்கு என்று கேட்பார்கள். அண்ணி கொடுத்தது என்பேன். அதற்கு மேல் சொல்ல அரைநாள் வேண்டும்.

அண்ணி ராமநாதபுரத்துக் கடற்கரைப் பெண். திருப்பூரில் அண்ணனோடு வேலை பார்த்தவள், அவனை நம்பிக் கொல்லிமலை ஏறி வந்தாள். ஆலத்தூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வருடம் அவள் வாய் திறந்ததே குறைவு. கர்வக்காரி என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

மிளகுத் தோட்டத்துக்கு வண்டி போக, சரிவில் நின்ற பாறையை வெடி வைத்துத் தகர்க்க அண்ணன் ஆள் சொல்லியிருந்தான். பாறை இடுக்கில் மஞ்சள் தொண்டைச் சின்னான் கூடு கட்டியிருந்தது. பாறைக் குன்றுகளை விட்டால் அதற்குப் போக்கிடமில்லை, இனமே அருகிவருகிறது என்று பறவை பார்க்க வந்த ஒருவர் சொல்லியிருந்தார். "குருவியப் பாத்தா மொளகை ஆரு சொமக்கறது?" என்றான் அண்ணன். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வெடிக்காரர்கள் வந்த காலையில் அண்ணி அந்தப் பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். கையில் இந்த முள். அதைக் காட்டித் தன் அப்பா கதையைச் சொன்னாள். சினைத் திருக்கை வலையில் மாட்டினால் படகிலேயே குட்டிகளைப் போட்டுவிடுமாம். அவள் அப்பா அவற்றை ஒவ்வொன்றாகக் கடலில் விடுவாராம். அப்படி விடும்போது ஒருநாள் தாய்த் திருக்கை அவர் காலில் குத்தியதாம்; அந்த முள்தான் இது. ஒரு மாதம் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் விடுவதை நிறுத்தவில்லை.

"முள்ளு இருந்தும் திருக்கையால தப்பிக்க முடியல மச்சான். இந்தக் குருவிக்குத் தொண்டை மட்டுந்தான் இருக்கு" என்றாள்.

 அண்ணன் வெடிக்காரர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டான். வழி பாறையைச் சுற்றி வளைந்தது. பொண்டாட்டி போட்ட ரோடு என்று ஊரே கேலி செய்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

நான் வேலைக்குக் கிளம்பிய அன்று, செம்மேட்டில் பஸ் ஏறும்போது முள்ளை என் கையில் வைத்து அழுத்தினாள். "ஒனக்கும் தொண்டை இருக்கு புள்ள. இதையும் வச்சுக்க."

நேற்று அண்ணி போன் செய்தாள். போனைப் பாறைப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள். சின்னானின் குரல் கேட்டது. முள்ளைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு முழுவதும் கேட்டேன். கண் நிறைந்துவிட்டது. என்ன சத்தம் என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர்.

"எங்க ஊட்டு ரோட்டுச் சத்தமுங்க" என்றேன்.