ஏழு தண்ணி அக்கா

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் அக்காவுக்கு ‘ஏழு தண்ணி’ என்று பெயர். முதலில் அமிலம், பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஏழு அலசல். ஆறோடு நிறுத்தச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சோப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இயக்குநரே தன் தேநீர்க் கோப்பையை அந்தத் தொட்டியில் கழுவப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அந்தக் குடுவைகளில்தான் நான் தங்கத் துகள் செய்கிறேன். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இரண்டாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. சரியாக வந்தால் நீர் மாதுளம்பழச் சாறு போலச் சிவக்கும். அழுக்கோ சோப்பின் மிச்சமோ பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். ஒவ்வொரு துகளிலும் கொக்கி போல ஒரு மூலக்கூறு வைப்போம். சில மார்பகப் புற்றுச் செல்களின் மேல் மண்டிக்கிடக்கும் ஒரு புரதத்தில்தான் அது மாட்டும்.

ஒரு நாள் வந்தது அக்காவுடைய தங்கையின் சதைத்துணுக்கு. புற்று என்பது முன்பே தெரியும். துகள் மாட்டினால், அதே வழியில் மருந்தையும் கட்டிக்குள் அனுப்பும் சோதனைச் சிகிச்சையில் அவளைச் சேர்ப்பார்கள். மாட்டாவிட்டால் இல்லை. துணுக்கு சாயங்காலம் வரைதான் தாங்கும்.

குடுவையில் நீர் நீலமானது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து கத்திவிட்டேன்.

“நான்தான் தம்பி,” என்றார் அக்கா. “தங்கச்சிக்குன்னு நினைச்சதும் மனசு கேக்கல. வீட்டுப் பாத்திரம் மாதிரி சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டேன்.”

பத்தொன்பது வருடத்தில் முதல் தப்பு. கத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

“இன்னொரு குடுவை கழுவுங்க அக்கா. நேரம் இருக்கு.”

வாய்விட்டு எண்ணிக்கொண்டே அலசினார். ஏழாவது முடிந்ததும் குடுவையை என்னிடம் நீட்டினார். இந்த முறை நீர் சிவந்தது.

கொக்கி வைத்த துகள்களைத் துணுக்கின் மேல் விட்டு, நாலரை மணிக்கு அதை நுண்ணோக்கியில் வைத்தேன். இருட்டில் புற்றுச் செல்களின் விளிம்பெல்லாம் பொன் புள்ளிகள். பக்கத்து நல்ல செல்களில் தேடினாலும் ஒன்றிரண்டுதான். நூறு முறை பார்த்த காட்சிதான், ஆனாலும் மெய்சிலிர்த்தது. அக்காவை உட்கார வைத்து, அந்தப் புள்ளிகள்தான் மாட்டிய துகள்கள் என்றேன்.

வெகுநேரம் பார்த்தார். “கண்ணு கிடையாது, காலு கிடையாது. எப்படி தம்பி அந்த வீட்டுக் கதவை மட்டும் தட்டுது?”

நுண்ணோக்கியை இன்னும் கொஞ்சம் திருகிக் காட்சியைத் தெளிவாக்கிக் கொடுத்தேன்.

அவர் கண்ணை எடுக்காமலே கைபேசியைக் காதில் வைத்தார்.

“அடியே, உன்னைத்தான் பாத்துட்டு இருக்கேன். மாட்டிடுச்சு. அழாம கேளு, மாட்டிடுச்சு.”

அழுதது அக்காதான்.