மாப்பிள்ளை அணைத்த மஞ்சள் விளக்கு

மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்து மகளைக் குஜிலியம்பாறை சம்பந்தி வீட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு அழைத்து வரக் கிளம்பினோம். என் பழைய காரில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடப் போனேன். மாப்பிள்ளை விடவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, செல்போன் ஆப்பில் எதையோ அழித்தார். விளக்கு அணைந்தது.

"இம்புட்டுத்தான் மாமா" என்றார்.

சம்பந்தி வீட்டார் முன்னால் மாப்பிள்ளையை மறுத்துப் பேச வேண்டாமென்று வண்டியைக் கிளப்பினேன்.

பாதி வழியில், மரமே இல்லாத பொட்டலில், பானெட்டிலிருந்து புகை கிளம்பி வண்டி நின்றது. உச்சி வெயிலில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறாள். இவரோ, "ஆப்ல எல்லாம் சரியாத்தான காட்டுது!" என்கிறார்.

"போனப் பாத்தது போதும், பொண்டாட்டியப் பாருங்க மாப்ள!" என்று கத்திவிட்டேன்.

போன் செய்து வரவழைத்த மெக்கானிக், "இன்ஜினக் குளுத்துற தண்ணிக் குழாய் வெடிச்சுத் தண்ணி பூராம் போயிருச்சு. தண்ணியே இல்லாம சென்சார் எந்தச் சூட்ட அளக்கும்? விளக்கு எரிஞ்சப்பவே வண்டிய எடுத்திருக்கக் கூடாது" என்றார்.

நல்லவேளை, மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது விளக்கு எரிந்தால் வண்டியை எடுப்பதில்லை. மாப்பிள்ளை வந்தால் கறிவிருந்து உண்டு. கார் சாவி மட்டும் என் சட்டைப் பையை விட்டு வெளியே வராது.