ஃபைலில் தடவிய மஞ்சள்

கல்யாணப் பத்திரிகை அடிப்பது என்றால் கம்ப்யூட்டரில் பெயரை மாற்றிவிட்டு ஒரு பட்டனைத் தட்டுவது என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அந்தப் பட்டனையும் நான் மெதுவாகத் தட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். தறி வீடுகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் நான் டிசைன் கடை வைத்துப் பதினாறு வருஷமாகிறது. அச்சு எந்திரம் என்னிடம் கிடையாது. நான் ஃபைல் தயார் செய்து அனுப்புவேன், சிவகாசியில் ஓர் அச்சகம் அதை அடித்துப் பார்சலில் போடும். நடுவில் நடக்கும் வேலையை யாரிடமும் விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததில்லை.

தாளின் ஓரத்தைக் கத்தி வெட்டும்போது போவதற்கென்று நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். எழுத்தையெல்லாம் கோடுகளாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குலதெய்வத்தின் பெயர் அங்கே கட்டம் கட்டமாக வந்து நிற்கும். திரையில் தெரியும் நிறம் வேறு, நாலு மையைக் கலந்து தாளில் விழும் நிறம் வேறு. இதை நெசவு வீட்டுக்காரர்களிடம் சொன்னால் ஒரு கொத்துப் பட்டுநூலை எடுத்து வந்து என் மானிட்டர் மேல் வைத்து, "இந்த அரக்கு வேணும்பா, உன் அரக்கு செங்கல்லாட்டம் இருக்குது" என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

ஓர் ஐப்பசி மாதம் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். அவளுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, தையில் கல்யாணம். அம்மா வீட்டிலேயே தறி நெய்கிறவர். அப்பா இவள் பள்ளிக்கூடம் போகும்போதே தவறிவிட்டார். ஆனால் பத்திரிகையை நடத்தியது இவர்கள் இருவரும் இல்லை, அப்பாவின் அக்கா. அந்த அம்மாள் தென்னேரியில் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பி என்னை ஏழு முறை புரூஃப் போட வைத்தார். சித்தப்பாவுக்கு மேலே பெரியப்பா வர வேண்டும், பெரியப்பாவுக்கு மேலே தாய்மாமன் வர வேண்டும், யாருக்கும் எழுத்து சிறுத்துவிடக் கூடாது. திருமுக்கூடல் கல்வெட்டில்கூட இத்தனை பேரை ஒரே பக்கத்தில் அடைத்திருக்க மாட்டார்கள்.

ஏழாவது புரூஃபுக்கு ஓகே வந்த அன்று அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, பத்திரிக்கையில நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுவாங்கல்ல, அத ஃபைல்லயே வச்சி அனுப்ப முடியுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கார்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு சுமங்கலி உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்து மூலைக்கு மூலை தொட்டு வைப்பதுதான் வழக்கம். அந்த ஒரு வேலையாவது கம்ப்யூட்டரின் தலையில் விழாமல் இருந்தது, அதாவது என் தலையில். "தாலியையும் பிடிஎஃப்லயே அனுப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மா கையால வைக்கணும்கா. கார்டு வீட்டுக்கு வந்துட்டா அத்தை கிண்ணத்தோட வந்து உக்காந்துக்குவாங்க. அம்மாவைத் தொட வுட மாட்டாங்க. எங்க அக்கா கல்யாணத்துல அம்மா சமையக்கட்டுல நின்னுக்கினு எட்டிப் பார்த்துக்கினு இருந்தாங்க."

என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அவ கிடக்கிறாம்மா, ஏதோ சொல்லிக்கினு இருக்கா," என்றார் அம்மா. "நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல." என்னிடம்தான் சொன்னார், ஆனால் திரையில் இருந்த பத்திரிகையின் மூலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தக் கை எத்தனை முகூர்த்தப் புடவை நெய்திருக்கும் என்று நான் யோசித்தேன். எந்த மணப்பெண்ணும் நெய்தவர் கட்டுக்கழுத்தியா என்று விசாரித்துவிட்டுப் புடவை உடுத்துவதில்லை. மணப்பெண்ணின் உடம்பில் ஒன்பது கஜத்துக்கு அந்தக் கை படலாம், தாளின் மூலையில் மட்டும் படக் கூடாது. எங்கள் ஊர் சாஸ்திரத்துக்கு எதை எங்கே விட வேண்டும், எதை எங்கே வெட்ட வேண்டும் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடையில் பிள்ளையார் படத்துக்கு வைத்திருந்த மஞ்சள்தூளை எடுத்து ஒரு மூடியில் குழைத்துக் கொடுத்தேன். அம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன். முதலில் வைத்தது தாளில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

"பயப்படாம வைங்கம்மா."

"பயம் இல்லம்மா, பழக்கம் வுட்டுப்போச்சி," என்றார்.

இரண்டாவது தாளில் நாலு இழுப்பு நன்றாக விழுந்தது. விரல் ரேகைகூடத் தெரிந்தது. ஈரம் காய்வதற்குள் அவசரப்பட்டு ஸ்கேனரில் கவிழ்த்துவிட்டேன். கண்ணாடியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு, அடுத்த ஒரு வாரம் என் கடையில் நகல் எடுத்த ஆதார் அட்டையெல்லாம் மங்களகரமாக வெளியே போயின.

வேலை அதற்கப்புறம்தான். ஸ்கேனில் மஞ்சள் மஞ்சளாக வராது, டீ கொட்டிய மாதிரி வரும். கருப்பு மையை முழுக்க எடுத்துவிட்டு, மஞ்சளை ஏற்றி, சிவப்பைத் துளித் துளியாகக் குறைத்தேன். ரேகை அழியாமல் இருக்க வேண்டும். வெட்டு விழுந்தபிறகும் முக்கால் விரலாவது உள்ளே நிற்க வேண்டும். பத்திரிகையின் மற்ற இடங்களுக்கு நான் அவ்வளவு பார்த்ததில்லை. அனுப்பிவிட்டு, இதைவிட நல்ல ஃபைல் இந்த வருஷம் அந்த அச்சகத்துக்குப் போயிருக்காது என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து ஃபோன். எப்போதும் என் ஃபைலைப் பார்க்கிற ஆபரேட்டர்தான், கவனமான மனிதர்.

"மேடம், ஸ்கேன் பண்ணும்போது பார்க்கலையா? நாலு மூலையிலயும் மஞ்சக் கறை. நானே சுத்தமா எடுத்துட்டேன். அச்சடிக்கிற பிளேட்டும் போட்டாச்சு."

"அண்ணே, அது கறை இல்ல. பத்திரிகை மஞ்சள்."

"மஞ்சளை ஃபைல்ல யாரு மேடம் தடவுவாங்க?"

பதினாறு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் நான் கேட்காமலேயே என் வேலையைச் சரியாகச் செய்திருந்தார், அதுவும் இந்த ஃபைலில். கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை. யார் வைத்த மஞ்சள், ஏன் ஃபைலில் வைத்தோம் என்று சொன்னேன். எந்திரத்தை நிறுத்தச் சொல்லி அவர் யாருக்கோ குரல் கொடுத்தார். பிறகு, "பழைய ஃபைல் இருக்கு மேடம். வேற பிளேட் போடுறேன்," என்று வைத்துவிட்டார்.

பார்சல் வந்ததும் சொல்லி அனுப்பினேன். பெண்ணுக்கு அன்று ஷிஃப்ட். அம்மா வந்தார். அவருக்கு முன்னாலேயே தகவல் தெரிந்து தென்னேரியிலிருந்து அத்தை என் கடைக்கே வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் சில்வர் டப்பாவில் குழைத்த மஞ்சளோடு. மஞ்சள் படாமல் பத்திரிகை வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாதாம்.

முதல் கட்டைப் பிரித்து அத்தை கையில் கொடுத்தேன். தாய்மாமன் பெயரை முதலில் பார்த்தார். திருப்தி. அப்புறம்தான் மூலையைப் பார்த்தார்.

"அச்சுலயே மஞ்சள் வந்துக்குது? யாரும்மா வச்சது?"

அவ்வளவு நேரம் எனக்குள் இருந்த வீராங்கனை எந்த வழியாக வெளியே போனாள் என்று தெரியவில்லை. "இப்பல்லாம் இப்படித்தான்மா வருது," என்றேன். "கம்ப்யூட்டர்லயே இருக்குது."

சொன்ன கணமே எனக்கு வெட்கமாக இருந்தது. சிவகாசிக்காரர் ஒரு பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றிய விரலை, நான் ஒரே வாக்கியத்தில் சுத்தமாகத் துடைத்துவிட்டேன்.

பார்சல் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"கம்ப்யூட்டர் இல்ல அண்ணி. என் கைதான்."

அத்தை அவரைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பத்திரிகையின் மூலையில் வைத்துத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி அழுத்தித் தேய்த்தார்.

"போகாது அண்ணி," என்றார் அம்மா. "மையோட ஏறிடுச்சி."

"எல்லாத்துலயுமா?"

"ஐநூறுலயும்."

அத்தை டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். அம்மா கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூலை மடங்காமல், தன் பையில் அடுக்க ஆரம்பித்தார்.