கேப்டனைத் தூக்கியவனுக்குக் குடை பிடித்தேன்

நாடாளுமன்றத்துக்கு நிற்கிற ஒருவனை முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். எங்கள் தொகுதியில் அந்தத் தடவை சுயேச்சையாக நின்ற ஒரு பட்டாளத்துக்காரனுக்கு அந்த ஒரு ஆளாகக் கையெழுத்துப் போட்டவன் நான். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில், என் சொந்தப் பேனாவில். படிவத்தில் என் பெயருக்கு இடம் இருந்தது, வாக்காளர் பட்டியல் எண்ணுக்கு இடம் இருந்தது. வேட்பாளர் மேல் எனக்கு இருந்த பொறாமையை எழுத இடம் விடவில்லை.

அவன் எனக்குத் தூரத்துப் பங்காளி. மூன்று மாதம் மூத்தவன். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் வளர்ந்தோம். சீனாக்காரன் சண்டை முடிந்த கையோடு காஞ்சிபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனோம். மார்பளவு பார்க்கும்போது மூச்சை இழுக்கச் சொன்னார்கள், பிறகு விடச் சொன்னார்கள். அவனுக்கு இரண்டு அளவுக்கும் நல்ல வித்தியாசம். எனக்கு எப்படி மூச்சு விட்டாலும் ஒரே அளவு. அளந்தவர் சந்தேகப்பட்டு வேறு டேப்பை வாங்கி அளந்து பார்த்தார். டேப்பில் கோளாறு இல்லை. திரும்பும்போது சைக்கிளை நான் தனியாக மிதித்தேன். போகும்போதும் நான்தான் மிதித்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அவன் மலைக்குப் போனான். நான் உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பலகை போட்டு மனு எழுத உட்கார்ந்தேன். ஊரில் நாலு புத்தகம் படித்தவன் என்ற பெயர் இருந்ததால் வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்கிற வேலையும் என்னிடமே வந்தது. அவன் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் அவன் கடிதத்தை நேராக என் கையிலேயே கொடுத்துவிடுவார். நான் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்று படிப்பேன். தெருப் பெண்கள் கூடிவிடுவார்கள். படித்து முடித்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டு அவனைப் புகழ்வார்கள். படித்தவனுக்கு ஒரு டம்ளர் மோர் கிடைக்கும்.

ஒரு விஷயம் அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பட்டாளத்தில் அவனுக்குத் துப்பாக்கி வேலை இல்லை. மலைமேல் இருக்கிறவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோகிற கோவேறு கழுதைகளை ஓட்டுகிற வேலை. பட்டாளத்துக்குப் போய்க் கழுதை மேய்க்கிறான் என்று தெரு சிரித்தால் அம்மா தாங்கமாட்டாள் என்பதால் கழுதை வருகிற இடங்களை நான் விழுங்கிவிடுவேன். அவன் கடிதத்தில் பாதிக்குமேல் கழுதைதான். அப்படி விழுங்கியதில் உண்டான ஓட்டைகளை என் சரக்கைப் போட்டு அடைப்பேன். பனி, பாறை, தூரத்தில் குண்டுச் சத்தம், இப்படி. முதலில் இரக்கத்தில்தான் செய்தேன். கொஞ்ச நாளில் ருசி கண்டுவிட்டேன்.

ஐயங்கார்குளத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்த நாளில் விவகாரம் முற்றியது. அவருக்கு ஒரு பெண் இருந்தாள். குளக்கரையில் ஒரு திருவிழாவின்போது நான் அவளைப் பார்த்திருக்கிறேன், அவளும் என்னைப் பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மனு எழுதுகிறவர், கை சுத்தம், குரல் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்துத் தபால் வந்தது. அவனுடைய அம்மா கூப்பிட்டு அனுப்பினாள். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன், குரலைக் கேட்கட்டும் என்று.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். போன வாரம் ஓடை தாண்டும்போது ஒரு கழுதை தண்ணீரில் விழுந்துவிட்டது, நான் இறங்கிக் கரைக்குத் தூக்கினேன், இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சுகம்.

எனக்கு எதிரே வருங்கால மாமனார். கழுதை என்று எப்படிப் படிப்பது? கேப்டன் என்று படித்தேன். ஓடையை ஆறாக்கினேன். ஆற்றில் பனிக்கட்டி மிதக்கவிட்டேன். அடிபட்ட கேப்டன் "என்னை விட்டுவிடு, நீயாவது பிழைத்துப் போ" என்றார். நம் ஆள் விடவில்லை. தோளில் போட்டுக் கரையேற்றினான். படித்து முடிக்கும்போது என் குரலே தழுதழுத்தது. அம்மா அழுதாள், தெரு அழுதது, ஐயங்கார்குளத்துக்காரர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே பெண்ணின் ஜாதகத்தை அனுப்பினார், அவனுடைய அம்மாவுக்கு.

அடுத்த லீவில் கல்யாணம். பத்திரிகை வாசகம் எழுதிக்கொடுத்தது நான்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. ஐயங்கார்குளத்துப் பெண் கை மாறிய கதை என் மனைவிக்குத் தெரியும். தேவைப்படும்போது எடுத்துக்கொள்வாள்.

பதினைந்து வருஷம் கழித்து அவன் பென்ஷனோடு திரும்பினான். ஊரில் அவன் பெயரே மறந்துவிட்டது, 'மிலிட்டரி'தான். டீக்கடையில் அவன் நுழைந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் கடைக்காரரே கேப்டன் கதையைச் சொல்லுவார். வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது, பனிக்கட்டி உட்பட. அவன் தலையைக் குனிந்து டீயை ஊதிக்கொண்டிருப்பான். அந்தக் குனிந்த தலைக்கு இன்னும் நாலு பேர் கும்பிடு போடுவார்கள். எழுதிய நான் மூலையில் உட்கார்ந்து காசு கொடுத்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்துக் காலனியில் ஒரு சிப்பாயின் விதவைக்குப் பென்ஷன் வராமல் இருந்தது. கூலிக்கு நாற்று நட்டுப் பிழைக்கிறவள். அவளுக்காக அவன் என்னிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினான். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசி மனுவை வாங்கி மடித்தபோது, "உன் எழுத்து டெல்லி வரைக்கும் போவல. நானே போறேன்" என்றான். ரயிலில் போகிறான் என்று நினைத்தேன். தேர்தலில் நிற்கிறான் என்பது மறுநாள் டீக்கடையில் தெரிந்தது.

நாமினேஷன் அன்றைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வெளியே என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"டேய், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பேசிக்கலாம். அந்தக் கேப்டன் இன்னாடா ஆனாரு?"

அத்தனை வருஷத்தில் அவன் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எந்தக் கேப்டன்?"

"நான் ஆத்துலேர்ந்து தூக்கனேனே, அவருதான். அப்புறம் மேஜர் ஆனாரா?"

"மொத லீவுல வந்தப்பவே கேட்டிருக்கலாம் இல்ல?"

"எப்டிரா கேக்கறது? அம்மா தெருவுல நெஞ்ச நிமித்திக்கினு நடந்துக்கினு இருந்துச்சு. இப்பத்தான் அதுவும் போய்ச் சேந்துடுச்சே. வூட்ல கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டேன், தூக்கனது கழுதன்னு."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சா."

அவள் சிரித்தாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. குறைந்தபட்சம் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கலாம்.

"பொய்யச் சொல்லிக்கினு டெல்லிக்குப் போவ மாட்டேன்" என்றான். "நானே சொன்னா அடக்கம்னுடுவானுங்க. படிச்சவன் நீ. நீதான் மைக்ல சொல்லணும். சம்மதம்னா கையெழுத்து போடு, இல்லாட்டி இப்டியே பஸ் ஏறிடலாம்."

கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மனு எழுதுகிறவனுக்கு முதல் என்பது பேனா இல்லை, சொன்னதைச் சொன்னபடி எழுதுவான் என்கிற பேச்சுதான். கடிதத்தை மாற்றிப் படித்தவன் என்று நானே மைக்கில் சொன்னால் நாளைக்கு எவன் என்னிடம் மனு எழுத வருவான்? சொல்லாவிட்டால் அவன் வீரன். சொன்னால் வீரம் போய் உண்மை பேசுகிற உத்தமன், நான் புளுகன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலை அவனுக்குத்தான். உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டில், குடவோலையில் பெயர் போடத் தகுதியில்லாதவர்கள் யார் யார் என்று நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடிதத்தை மாற்றிப் படித்தவன் என்று அதில் இல்லை. போய்த் தேடிப் பார்த்தேன்.

அவனுக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. மைக்செட் கட்டிய மாட்டுவண்டி முன்னால் போகும். பின்னால் அவன் கும்பிட்டுக்கொண்டே நடப்பான். அவனுக்குப் பின்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நான். சாமி புறப்பாட்டில் ஒருத்தன் நடப்பானே, அந்த மாதிரி. நிழல் சரியாக அவன் மேல் விழ வேண்டும் என்பதில் அவன் ஆதரவாளர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். பட்டாளத்துப் பழக்கம், நாலு மணிக் கூட்டம் என்றால் நாலுக்கே பேசி நாலரைக்கு முடித்துவிடுவான். ஜனங்கள் ஆறு மணிக்கு வந்து, வேட்பாளர் இன்னும் வரவில்லை என்று ஏழரை வரை காத்திருந்து போவார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் மைக்கை என்னிடம் நீட்டுவான். "இங்க வேணாம், அடுத்த ஊர்ல சொல்றேன்" என்பேன். அடுத்த ஊரில் தொண்டை கட்டியிருக்கும். ஐயங்கார்குளத்தில் எனக்கு வயிற்றுவலியே வந்துவிட்டது. அங்கே அவன் மாமனார் வாசலில் எனக்குச் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். கொடுத்தது அவள். "இன்னும் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டாள். கஷாயம் நன்றாகத்தான் இருந்தது.

பிரச்சாரத்தின் கடைசி நாள், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு. இனி அடுத்த ஊர் இல்லை. எப்படியோ நாலு மணிக்கே கூட்டம் இருந்தது, செங்கல்பட்டு பஸ் பிரேக்டவுன் ஆகி நின்றதுதான் காரணம். அவன் மைக்கை நீட்டினான். வாங்கினேன்.

மனுவில் எழுதுகிற மாதிரியே சொன்னேன், சுற்றி வளைக்காமல். இவர் ஓட்டியது கோவேறு கழுதை. ஓடையில் தூக்கியதும் கழுதையைத்தான். கேப்டன் என்று யாரும் கிடையாது. கடிதத்தில் இல்லாததை இருப்பதாகப் படித்தவன் நான்.

முதலில் எங்கள் ஊர் டீக்கடைக்காரர் குரல் வந்தது.

"யோவ் மனு, எந்தக் கட்சிக்காரன்கிட்ட வாங்கனே?"

"கடசி நாள்ல கூடவே இருந்து குழி பறிக்கிறான் பார்யா."

"அவனுக்கு இன்னா பேஜாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் ஐயங்கார்குளத்துப் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர். "பொண்ணு கை மாறிப்போச்சுன்னு அன்னிலேர்ந்து வவுறு எரிஞ்சிக்கினு கீறான். எறங்குயா கீய."

என் வாழ்க்கையில் பொதுமேடையில் உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான். அதைப் பொறாமை என்றார்கள். பொறாமை இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அவன் மைக்கைப் பிடுங்கினான். "அவரு சொல்றது நெசம். அது கழுததான். குளம்புல நம்பர் போட்டிருக்கும், அந்த நம்பர்கூட எனக்கு ஞாபகம் கீது" என்று நம்பரையும் சொன்னான்.

முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "கூட வந்தவன மாட்டி வுடக் கூடாதுன்னு தன் மானத்தையே குடுக்கறாரு பாரு. இவரு கேப்டன மட்டுமா தூக்குவாரு."

கூட்டத்தில் கைதட்டல். குடை என் கையில் இருந்ததால் நான் தட்ட முடியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, கூட்டத்துக்கு வந்திருந்த என் மனைவி கேட்டாள். "இன்னாங்க, நெசமாவே கழுதயா?"

"ஆமாம்."

"கழுதையா இருந்தா இன்னா. அந்த ஐஸ் தண்ணில எறங்கித் தூக்கியிருக்காரு இல்ல."

பனிக்கட்டி நான் போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டேன்.

என் ஓட்டை அவனுக்குத்தான் போட்டேன். பொறாமை வேறு, ரப்பர் முத்திரை வேறு. குடையின் மேல் கொஞ்சம் ஓங்கியே குத்திவிட்டேன், செல்லாத ஓட்டாகப் போயிருக்காது என்று நினைக்கிறேன். கைதட்டிய ஜனங்கள் அவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓட்டை வழக்கமான இடங்களில் போட்டார்கள். டெபாசிட் போயிற்று. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "டீக் ஹை", அதாவது சரி, என்று பட்டாளத்து இந்தியில் சொல்லிவிட்டு, மறுநாள் அந்த விதவையின் காகிதங்களை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினான்.

வேப்பமரத்தடியில் என் பலகை காலியானது. பொய்யன் என்பதற்காக இல்லை, அப்பேர்ப்பட்ட மனிதர் மேல் பழி போட்டவன் என்பதற்காக. பக்கத்தில் புதிதாக ஒருவன் டைப்ரைட்டரோடு உட்கார்ந்தான். இரண்டு வாரம் ஈ ஓட்டினேன். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை பங்காளி வந்தான், என் பலகை மேல் பேப்பரை விரித்து உட்கார்ந்தான்.

"இன்னா?" என்றேன்.

"சும்மாதான். வூட்ல பொழுது போவல."

தினமும் வந்தான். அவனைப் பார்க்க ஜனம் வந்தது. வந்தவர்கள் அவனிடம் குறை சொன்னார்கள். அவன் என் பக்கம் கையைக் காட்டினான். நான் எழுதினேன். இப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது, இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. அந்த விதவைக்கும் ஒருவழியாகப் பென்ஷன் வந்துவிட்டது. மனு என்னுடையது. அவள் தேங்காய் பழம் வைத்துக் கொடுத்தது அவனிடம்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். பட்டா மாற்ற வேண்டுமாம். பலகையில் நான் மட்டும் இருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிழலில் சுற்றும்முற்றும் தேடினார்.

"இங்க மிலிட்டரிக்காரரு ஒர்த்தர் இருப்பாராமே. கேப்டன தூக்கனவரு."

பேனா மூடியைக் கழற்றினேன்.

"டீ குடிக்கப் போயிருக்காரு. வந்துடுவாரு" என்றேன். "ஒக்காருங்க. பேரு சொல்லுங்க."