வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

கொசுப்புழு பார்க்கிற வேலையில் எனக்கு ஏழு வருடம் ஆகிறது. அல்சூரில் ஐந்து தெருக்கள் என் பொறுப்பு. கையில் ஒரு டார்ச், நீளக் காம்பு வைத்த கரண்டி, வெள்ளைக் கிண்ணம், சாக்பீஸ். வீடு வீடாகப் போய் ட்ரம், தொட்டி, பூச்சட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு என்று எல்லாவற்றிலும் மொண்டு பார்க்க வேண்டும். புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வாசல் சுவரில் தேதி எழுதி ஒரு டிக் போட வேண்டும்.

எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது. இந்த வேலைக்கு அது பெரிய குறை. ஜனங்களுக்கு வேண்டியது புகை அடிக்கிற மெஷின். சத்தமும் புகையும் வந்தால் கொசு செத்த திருப்தி. கரண்டியோடு வந்து நிற்கிறவனைப் பார்த்தால் இளப்பம்.

"வந்துட்டாருப்பா, நம்ம ட்ரம்முல மீன் புடிக்க," என்பாள் ஒரு வீட்டுக்காரி. "போன வாரம் புடிச்சதையே எங்களுக்குக் கண்ணுல காட்டல நீங்க."

குனிந்து மொள்ளுவேன். கிண்ணத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் போலிருக்கும். நீட்டியதில்லை.

உள்ளே போகாமலே டிக் போட்ட வீடு ஒன்று உண்டு. அது நான் குடியிருந்த வீடு. கீழே நாங்கள். மேலே ஓனரம்மாவும், அரசாங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆன அவர் வீட்டுக்காரரும். மாடிப்படி முடிகிற இடத்தில், ஈசானிய மூலை என்று சொல்லி, ஒரு பெரிய பித்தளை உருளி வைத்திருந்தார்கள். நிறையத் தண்ணீர், மேலே சாமந்தியும் ரோஜா இதழும். வாடகைக்கு இருக்கிறவன் ஓனர் வாசலில் போய்க் கரண்டியை விடுவதா என்று கூச்சப்பட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கீழே நின்றபடியே டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்தது. பி.யு.சி. படிக்கிறாள். காற்று வருகிறதென்று பகலில் அந்த மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துதான் படிப்பாள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இன்னொரு தடவ வந்தா இதவிட மோசமா ஆகலாம், ஜாக்கிரத," என்றார். அப்பா என்ன வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டார். மகள் சொன்னாள். டாக்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

எந்தக் கொசு கடித்தது, எங்கே பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு இடம்.

இந்த வருடம் மழை ஆரம்பித்த முதல் வெள்ளிக்கிழமை மாடி ஏறினேன். பூக்களை ஒதுக்கி டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. பொடிப் புழுக்கள்.

"என்னப்பா இது, சாமி தண்ணில கரண்டிய வுடற?" என்று ஓனரம்மா வெளியே வந்தார்.

கிண்ணத்தைக் காட்டினேன். "புழு வெச்சிருக்கும்மா. கொட்டிடணும்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா நெறஞ்ச பாத்திரத்த கவுக்கச் சொல்றியா? லட்சுமிய நானே வெளிய அனுப்பணுமா?"

"அப்ப மருந்தாவது ஊத்தட்டுமாம்மா?"

"சாமி தண்ணில வெஷமா? வேற நாள் பாக்கலாம், போ."

வாரம் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிப் பாத்திரங்களைக் காயப்போட வேண்டும், அந்த நாள் என்று ஆபீசில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது வெள்ளிக்கிழமை. அவர்கள் வீட்டில் பாத்திரம் நிறைந்திருக்க வேண்டிய நாளும் வெள்ளிக்கிழமை. இதை யோசிக்காமல் நாள் குறித்தவர்கள் மேலும் அன்றைக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை போனேன். தண்ணீர் மாற்றியாயிற்று என்றார் ஓனரம்மா. பார்த்தால் புழு அப்படியே இருந்தது. தினமும் காலையில் அவர் செய்வதைக் கீழிருந்து பார்த்திருக்கிறேன். பூவை மாற்றுவார், குறைந்த அளவுக்கு ஒரு சொம்பு புதுத் தண்ணீர் ஊற்றுவார். அதற்குத்தான் மாற்றுவது என்று பேர்.

"மாத்தலம்மா. மேல ஊத்தியிருக்கீங்க."

"எனக்கே கத்துக் குடுக்கறியா?"

ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "ஹோகலி பிடப்பா," என்றார். போகட்டும் விடு என்று கன்னடத்தில். எதைப் போகவிடுவது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை போனால், செவ்வாயும் ஆகாது என்றார்கள்.

சூப்பர்வைசரிடம் சொன்னால் நோட்டீஸ் கொடுப்பார். ஆனால் அந்தச் சுவரில் ஏழு வருடமாக டிக் போட்டிருப்பது என் கை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தபோது பாதிக்கு மேல் சுருண்டு கூட்டுப்புழு ஆகியிருந்தன. இரண்டு நாளில் பறந்துவிடும். கீழே மகள் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பூஜை மணிச் சத்தம். உருளியை இரண்டு கையாலும் தூக்கி, வெயில் விழுந்த சிமெண்டுத் தரையில் கவிழ்த்தேன். பூவெல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டது. புழுக்கள் கொஞ்ச நேரம் துள்ளின. தண்ணீர் நின்ற மட்டத்தில் முட்டைகள் கறுப்புப் பொடிபோல ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் சாகாது. தேங்காய் நாரால் தேய்த்தேன்.

ஓனரம்மா கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உன் பொண்ணு ஆஸ்பத்திரில இருந்தப்ப பழம் வாங்கினு வந்து பாத்தவ நான்," என்றார்.

அது உண்மைதான். இரண்டு முறை வந்தார்.

"ஆமாம்மா," என்றேன். நாரை நிறுத்தவில்லை.

"இந்த மாசத்தோட காலி பண்ணிக்க."

"சரிம்மா."

இத்தனை வருடம் நான் பயந்தது இந்த ஒரு பேச்சுக்குத்தான். பேசியாகிவிட்டது. மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதுவரை என் மகள் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

"மொட்டமாடி சாவி குடுங்கம்மா. டேங்க் மூடியிருக்கான்னு பாக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டார். பெல் அடித்தேன். திறக்காத கதவை இந்த வேலையில் ஒருநாளும் நான் இரண்டாம் தடவை தட்டியதில்லை. அன்றைக்கு மூன்றாம் தடவையும் அடித்தேன். ஜன்னல் திறந்து, சாவி என் காலடியில் ஈரத்தில் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.