சொந்த வாயால் சிக் லீவ்

வருகைப் பதிவேடு எழுதுகிறவனை ஒருவருக்கும் பிடிக்காது. வந்தவர் அவனைப் பார்ப்பதில்லை, வராதவர் அவனை மன்னிப்பதில்லை. உங்களில் யாராவது ஓர் ஓட்டலிலோ பட்டறையிலோ அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால், நான் சொல்வது புரியும்.

நான் வங்காளத்தில், லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தென்னிந்திய ஓட்டலில் இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் என் புத்தகத்தில் எல்லாம் சரி என்று யாரிடமும் சொல்வேன். ஆட்கள் இருபத்திரண்டு. வந்தால் நீலப் பேனாவில் 'பி'. சொல்லாமல் நின்றால் அதே நீலத்தில் 'ஏ'. சிக் லீவ் என்றால் சிவப்புப் பென்சிலில் 'எஸ்'. அடுத்தடுத்து மூன்று 'ஏ' விழுந்தால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அது முதலாளி வைத்த சட்டம். சிக் லீவை அவரவர் சொந்த வாயால், காலை ஆறு மணிக்குள், போனில் சொல்ல வேண்டும் என்பது நான் வைத்தது.

ஒரு போன், மூன்று காய்ச்சல்

அந்தச் சட்டம் வந்ததற்குத் தோசை மாஸ்டர் பழனிதான் காரணம். வேலையில் சேர்ந்த புதிதில், நகரமே எதிர்பார்த்திருந்த ஒரு கால்பந்துப் போட்டியன்று காலை எனக்குப் போன் செய்தான். தனக்கும் தன் அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் சிக் லீவ் என்றான். வங்காளியோ ஒடியாக்காரரோ தமிழரோ, எங்கள் ஓட்டலில் எல்லோருக்கும் பொதுவான ஒரே சொல் அதுதான். மூன்று பேரும் மறுநாள் தொண்டை கட்டிப்போய் வந்தார்கள். கத்திக் கத்திக் கட்டிய தொண்டை.

ஒரே போனில் மூன்று பேருக்கு எப்படியப்பா சொல்லலாம் என்று கேட்டேன். பழனி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மூணு பேருக்கும் ஒரே காய்ச்சல்தானே அண்ணாச்சி!"

குழாயடி

பாத்திரம் கழுவும் மாலதி பதினோரு வருடம் எங்களிடம் இருந்தாள். வங்காளி; என்னை 'தாதா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். தெற்கேயிருந்து லோக்கல் ரயிலில் டாக்குரியா வந்து, அங்கிருந்து நடந்தே வருவாள். அந்தப் பதினோரு வருடத்தில் அவள் வரிசையில் சிவப்பு ஆறு. ஆறும் அவளே போனில் சொன்னவை.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் காலை வேறொரு பெண்ணின் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியாம். "மாலதிக்கு சிக் லீவ்." அவளிடம் போனைக் கொடு என்றேன். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கண்ணே திறக்கவில்லை என்றது குரல். கண் திறந்ததும் அவளையே பேசச் சொல் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் அதே குரல், அதே பதில். மூன்றாம் நாளும் அப்படியே. மூன்று 'ஏ' போட்டேன். நான்காம் நாள் குழாயடியில் புது ஆள் உட்கார்ந்திருந்தாள்.

பதினெட்டாம் நாள் மாலதி வந்தாள். டெங்கு. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. குழாயடியைப் பார்த்தாள், பிறகு என்னிடம் வந்தாள். எனக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது தள்ளிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் சத்தம் போடவில்லை. "சொல்ல வாய் இருந்திருந்தால், தாதா, வேலைக்கே வந்திருப்பேனே" என்றாள்.

ஐந்து நாற்பது

ஆவணியில் ஒரு காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். வலது ஓரம் கீழே தொங்கியது. மணி ஐந்து நாற்பது. உண்மையைச் சொல்கிறேன், டாக்டர் நினைவு எனக்கு வரவில்லை. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான் இல்லாத நாளில் புத்தகம் எழுதுகிற பழனிக்குப் போன் போட்டேன். "சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். சிக் லீவ் என்று இரண்டே சொல், ஆயிரம் தடவை கேட்டது. என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. என் மனைவி போனைப் பிடுங்கி, "அவருக்கு சிக் லீவ்ப்பா, உடனே ஒரு டாக்சி கூட்டிட்டு வா" என்றாள். நான் இடது கையை ஆட்டி ஆட்டித் தடுத்தேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கிவிட்டது. "வாய் கோணிக் கெடக்கு, இதுல சட்டம் வேறயா ஒங்களுக்கு?"

இருபத்தேழு

நேரத்தோடு கொண்டுபோனதால் பிழைத்தேன். முப்பத்தோராம் நாள்வரை ஓய்வு. அதில் திங்கள்கிழமை விடுமுறை நான்கு போக இருபத்தேழு வேலைநாள். திரும்பிப் போனதும் முதலில் புத்தகத்தைத்தான் திறந்தேன். என் பெயருக்கு நேரே இருபத்தேழு சிவப்பு இருக்கும் என்று நினைத்தேன். இருந்தவை இருபத்தேழு 'பி'. நீலத்தில், பழனியின் சாய்ந்த கையெழுத்தில். ஆஸ்பத்திரியில் கிடந்தவன் ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்கு வந்திருக்கிறான்.

இது என்ன என்று விரலை வைத்துக் காட்டினேன். பழனி தலையைச் சொறிந்தான். "நீங்க ஒங்க வாயால சொல்லலையே அண்ணாச்சி, 'எஸ்' எப்படிப் போடுவேன்? 'ஏ' போட்டா மூணாம் நாள் ஒங்க நாற்காலியில வேற ஆளு உக்காந்துருவான்."

முதலாளியின் மேசை

அன்று முழுவதும் எனக்கு எழுத ஓடவில்லை. சாயங்காலம் ஸ்கேல் வைத்து இருபத்தேழு 'பி'யையும் அடித்து, மேலே சிவப்பில் 'எஸ்' எழுதினேன். பிறகு சித்திரைப் பக்கத்தைத் திருப்பினேன். மாலதி வரிசையில் அந்த மூன்று. அவளுக்கும் அன்று வாய் இல்லை. என்னைக் காப்பாற்ற ஒரு பழனி இருந்தான். அவள் வரிசைக்குப் பேனா பிடித்திருந்தவன் நான்.

முதலாளியிடம் இருபத்தாறு வருடத்தில் நான் எதுவும் கேட்டதில்லை. புத்தகத்தோடு போய், அந்த மூன்று 'ஏ'யையும் காட்டி நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "அந்த எடத்துலதான் வேற ஆளு இருக்காங்களே அண்ணாச்சி, இனிமே இதைத் திருத்தி என்ன ஆகப்போகுது?" என்றார்.

நாக்கு இன்னும் கனமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "அவளுக்கும் எனக்கும் ஒரே சட்டம். ஒண்ணு அவளைக் கூப்பிடணும். இல்லேன்னா என்னை நிறுத்தணும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காலை நேரத்துக்கு ரெண்டு பேர் வேணும்தான். ஆனா, போய்க் கூப்பிடுறது நீங்க. ஒங்க சொந்த வாயால."

டாலிகஞ்ச்

மாலதி டாலிகஞ்சில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்ப்பதாகப் பழனி விசாரித்துச் சொன்னான். மெட்ரோவில் போனேன். வழி முழுக்க வங்காள மொழியில் நான்கு வாக்கியம் தயார் செய்தேன். பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவள் என் வாயோரத்தைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். நான்கு வாக்கியத்தில் இரண்டுதான் வந்தன. தப்பு என்னுடையது. திரும்பி வா.

"மறுபடி காய்ச்சல் வந்தால் யார் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். யார் சொன்னாலும் போதும் என்றேன். முந்தானையில் கையைத் துடைத்தாள். "அன்று வாயால் பேசாமல் புத்தகத்தைத்தானே தள்ளினீர்கள், தாதா. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் சிவப்பு தெரியும், நீலம் தெரியும். காட்டுங்கள், பிறகு வருகிறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு வந்து, அவள் வரிசையில் மூன்றும் சிவப்பாக இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போனாள்.

இருபத்தாறு வருடத்தில் என் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் மொத்தம் முப்பது. மற்றதெல்லாம் சரி என்று முன்போல் சொல்ல, வாய் நேரான பிறகும் எனக்கு வரவில்லை.